தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சுடுதண்ணீர்க் கணக்கு

எங்கள் ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் என்று நினைத்துவிட வேண்டாம், கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவில் இருக்கிற தேனி மாவட்டத்துக் கூடலூர். ஏலக்காய் வியாபாரத்துக்காக வாரத்தில் இரண்டு நாளாவது மலை ஏறி இறங்குகிறவன் என்பதால், சொந்தக்காரர்களில் யார் தேக்கடிக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "எங்கப்பா தங்கலாம், வாடகை எவ்வளவு?" பத்து வருஷமாக நானும் நாலு இடத்தில் வாடகையை விசாரித்து, குறைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் அக்கா குடும்பம் வந்தது. சென்னையிலிருந்து போடி ரயிலில் தேனி வரைக்கும், அங்கிருந்து வாடகைக் கார். அக்கா, மச்சான், எட்டு வயதுப் பையன், ஒன்றேகால் வயதுக் கைக்குழந்தை, கூட எங்கள் அம்மா. தேக்கடி ரோட்டில் ஓரளவு பெரிய ஓட்டலாகப் பார்த்து நான்தான் ரூம் போட்டுக் கொடுத்தேன். வாடகை ஒரு ராத்திரிக்கு 5,200, எக்ஸ்ட்ரா பெட் 1,200. இரண்டு ராத்திரிக்கு 12,800. அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 640. மச்சான் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் காலி செய்யும் நாள் காலையில் ரிசப்ஷனுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் எனக்குப் போன். "மாப்ள, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது இது. சுடுதண்ணீர் பிளாஸ்க் 7, ஒன்று 50 வீதம் 350. பால் 4, ஒன்று 80 வீதம் 320. தண்ணீர் பாட்டில் 5, ஒன்று 60 வீதம் 300. அம்மாவுக்குக் குளிருகிறது என்று கேட்டு வாங்கிய கூடுதல் கம்பளி, இரண்டு ராத்திரிக்கு 400. கடைசியாக 'ட்ரே சார்ஜ்' என்று 11 தடவை, தடவைக்கு 40 வீதம் 440. ஆக 1,810. வரி சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. பிரியாணி கிடையாது, மீன் கறி கிடையாது. வெந்நீரும் பாலும் கம்பளியும் மட்டும்.

இதில் பெரிய தொகை எது என்று பாருங்கள். ஏழு பிளாஸ்க் வெந்நீரைவிட, அதைத் தூக்கி வந்த நடைக்குத்தான் காசு அதிகம். பால் நாலு, வெந்நீர் ஏழு, ஆகப் பதினொரு நடை. அக்காவுக்கு இது தெரிந்திருந்தால் பால் கேட்கும்போதே வெந்நீரையும் சேர்த்துக் கேட்டு நாலு நடையை மிச்சம் பிடித்திருப்பாள். குழந்தைக்காரி அவள், பசிக்கு அழும்போது பாலும், புட்டி கழுவும்போது வெந்நீருமாகத் தனித்தனியாகத்தான் போன் எடுப்பாள். ஓட்டல்காரருக்கும் அது தெரியும்.

மேனேஜர் மரியாதையான ஆள், நல்ல தமிழ் பேசினார். "ரேட் கார்டு அலமாரிக்குள்ள வெச்சிருக்கோம் சார்." போய்ப் பார்த்தோம். இருந்தது, சலவைப் பைக்கு அடியில். சர்வீஸ் சார்ஜை வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டதையும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்னதையும் நான் எடுத்து வைத்தேன். "இது சர்வீஸ் சார்ஜ் இல்ல சார், ரூமுக்குக் கொண்டுவர்ற சார்ஜ்" என்றார். அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னதும் ட்ரே சார்ஜில் பாதியும் கம்பளிக் காசு முழுதும் கழிந்தன. வெந்நீரும் பாலும் தண்ணீரும் அப்படியே நின்றன.

தண்ணீர் பாட்டிலுக்கு மச்சான் எம்.ஆர்.பி. சட்டம் பேசினார். பாதிப் பேர் பேசுவது இதைத்தான், ஆனால் ஓட்டலில் எடுபடாது. ஓட்டலும் உணவகமும் பாட்டில் தண்ணீரைப் பரிமாறும்போது எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ரூமில் இலவசமாக வைக்கிற இரண்டு பாட்டிலுக்குப் பிறகு மூன்றாவதைத் திறக்கும் முன் விலை கேட்டுக்கொள்வதுதான் வழி. பக்கத்துப் பெட்டிக்கடையில் 20 ரூபாய்.

அன்றைக்கு மலை இறங்கும்போதுதான் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்த்தேன். இங்கே வருகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது: தேக்கடி ரோட்டு ஓட்டல், குமுளி ஹோம்ஸ்டே, கம்பத்தில் லாட்ஜ் போட்டு மலை ஏறி இறங்குவது. அக்கா குடும்பம் இரண்டு வருஷத்துக்கு முன் ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கிறது. மச்சானுடைய தம்பிக்குப் போன வருஷம் கம்பத்தில் லாட்ஜ் போட்டுக் கொடுத்தேன். மூன்றையும் வாடகையை வைத்து ஒப்பிட்டால் ஓட்டல் எப்போதும் தோற்கும், லாட்ஜ் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உங்கள் வீட்டார் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலை மூன்று இடத்திலும் விலை பேசினால் வேறு விடை வருகிறது.

மேலே குளிர் இருப்பதை மறக்கக் கூடாது. குமுளி கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கே ஸ்வெட்டர் தேடுகிற இடம். கம்பத்தில் மின்விசிறி போட்டுத் தூங்குகிறவர் இங்கே வெந்நீர் கேட்பார், கம்பளி கேட்பார், ராத்திரி பத்து மணிக்குச் சூடாக டீ கேட்பார். ஓட்டல் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாதி எழுதுவது இந்தக் குளிர்தான்.

ஹோம்ஸ்டே கதை வேறு. குமுளியில் சேச்சி ஒருத்தர் வீட்டு மாடியில் இரண்டு ரூம், ஒன்று 2,000 வீதம், காலைச் சாப்பாடு சேர்த்து. கேரளச் சுற்றுலாத் துறை வீட்டைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழை ஹாலில் மாட்டியிருந்தார். வைரம், தங்கம், வெள்ளி என்று மூன்று தரம் உண்டு, அவருடையது வெள்ளி. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்க்கில் எந்நேரமும் வெந்நீர். சாப்பிடும்போது பதிமுகம் என்கிற மரத்துண்டு போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர் தனியாக. கேரளத்துச் சாப்பாட்டுக் கடைகளில்கூட அந்த வெந்நீருக்குக் காசு வாங்குவதில்லையே, வீட்டில் எப்படி வாங்குவார்? கம்பளி கேட்பதற்கு முன்பே இரண்டு வந்தது. நாலு மணிக்குப் பழம்பொரி, டீ. எதற்கும் சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை.

ஆனால் ஹோம்ஸ்டேக்கும் ஒரு இரண்டாம் பக்கம் உண்டு. அது காகிதத்தில் வராது. ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் மத்தியானம் மூன்று மணிக்குள் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்குக் கீழ்வீட்டு விளக்கு அணைந்துவிடும். அதன் பிறகு பையன் பசி என்றால் பையில் இருக்கிற பிஸ்கட்தான். கதவைத் தட்டினால் சேச்சி எழுந்து வருவார், சந்தேகமில்லை. தட்டுவதற்கு நமக்குக் கை வராது. டிரைவர் விஷயம் இன்னும் மோசம். பெரிய ஓட்டல்கள் பலவற்றில் டிரைவர் படுக்கத் தனி இடம் இருக்கும். இங்கே அவர் ராத்திரி பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 500 ரூபாய்க்கு ரூம் தேடினார், மச்சான் கொடுத்தார், இரண்டு ராத்திரிக்கு 1,000. ஓட்டலில் வெந்நீரும் பாலும் ட்ரேயும் சேர்ந்து வந்த தொகைக்குக் கிட்டத்தட்ட அதே காசு, தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது.

அப்புறம் அந்த இலவச உபசாரத்துக்கு நாமாகவே வைத்துக்கொள்கிற பில். கிளம்பும்போது வேலைக்கு நிற்கிற பெண்ணுக்கு அக்கா 500 கொடுத்தாள். சேச்சியிடம் அரைக் கிலோ ஏலக்காயும் வாங்கினாள். ஏலக்காய் வியாபாரி தம்பியாக ஒருவன் பக்கத்தில் நிற்கிறேன். நான் கடைக்குக் கொடுக்கிற விலையைவிடக் கிலோவுக்கு 600 ரூபாய் கூடுதல், காயும் இரண்டாம் ரகம். கேட்டால், "அவங்க எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டாங்க, வாங்காம எப்படிப் போறது?" என்கிறாள். நியாயம்தான். ஆனால் 300 ரூபாய்க்கு வெந்நீர் குடித்திருக்கிறோம் என்று நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

ஹோம்ஸ்டேக்காரர்கள் சொல்லி ஏற்பாடு செய்கிற ஜீப் சவாரி, தோட்டம் சுற்றிக் காட்டுவது, கேம்ப் ஃபயர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விலை கேட்டுக்கொள்ளுங்கள். அதிலே தரகு இருக்கும், தவறும் இல்லை. தெரிந்து கொடுத்தால் போதும்.

வரி விஷயத்தில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கிற ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது சாப்பாட்டு வரி. ஓட்டலில் ஒரே ஒரு காட்டேஜ் போன நிதியாண்டில் 7,500க்கு மேல் வாடகைக்குப் போயிருந்தாலும், அந்த ஓட்டல் சமையலறையிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். நீங்கள் 5,200 ரூபாய் ரூமில் இருந்துகொண்டு வாடகைக்கு 5 சதவீதம் கட்டுவீர்கள், குழந்தையின் பாலுக்கு 18 சதவீதம் கட்டுவீர்கள். அக்கா பில்லில் நடந்தது இதுதான். மலைப்பக்கம் பார்த்த மூன்று காட்டேஜ் அந்த ஓட்டலில் இருக்கிறது. அப்படி விலை உயர்ந்த ரூமே இல்லாத சாதாரண ஓட்டலாக இருந்தால் சாப்பாட்டுக்கு 5 சதவீதம்தான். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழ் வரவு இருக்கிற வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டை ஆப் வழியாகப் புக் செய்தால் வரி வந்துவிடும், அதைக் கட்டுகிற பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு. நேராகப் போன் செய்து பேசினால் அது மிச்சம்.

கம்பம் லாட்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேர் ரூம் 1,200. இருபத்துநாலு மணி நேரக் கணக்கு, அதாவது சாயங்காலம் ஐந்துக்கு வந்தால் மறுநாள் ஐந்து வரை. தேக்கடி ஓட்டல்களில் மத்தியானம் பன்னிரண்டுக்குள்ளோ பதினொன்றுக்குள்ளோ காலி செய்யச் சொல்வார்கள், அரை நாள் கூட இருந்தால் அதற்கும் ஒரு தொகை. லாட்ஜில் வெந்நீர் காலையில் மட்டும், ஐந்தரையிலிருந்து எட்டரை வரை. ரூம் பையன் கீழே போய் டீ, பால், புரோட்டா என்ன வேண்டுமானாலும் வாங்கி வருவான், கடை விலைதான், கையில் பத்தோ இருபதோ கொடுத்தால் போதும். ரூம் சர்வீஸில் இதைவிட நேர்மையான முறை நான் பார்த்ததில்லை.

அதன் செலவு ரோட்டில் இருக்கிறது. கம்பத்திலிருந்து குமுளி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டினால் வளைவு மேல் வளைவு. தேக்கடியில் முதல் படகு காலை 7.30. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்தேகாலுக்குப் பிள்ளைகளை எழுப்பி, தூக்கக் கலக்கத்தில் மலை ஏற்றி, பாதி வழியில் வாந்திக்கு நிறுத்தி... மச்சானுடைய தம்பி இரண்டாவது நாள், "படகெல்லாம் போதும் அண்ணே" என்று சுருளி அருவிக்குப் போய்விட்டார். கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் தொடங்கிவிட்டால் கூட்டத்தைப் பார்த்து வண்டிகளைக் கம்பத்திலிருந்து ஏறுகிற இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நாட்களில் தினமும் ஏறி இறங்குகிற யோசனையையே விட்டுவிடுங்கள். வாடகைக் கார் என்றால் கேரளத்துக்கான பெர்மிட் இருக்கிறதா, அது வாடகையில் சேர்ந்ததா என்பதையும் தேனியிலேயே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது செக்போஸ்ட்டில் முளைக்கும்.

இப்போது யாராவது போன் செய்தால் நான் வாடகைக்கு முன் கேட்கிற கேள்வி, "கூட யார் யார் வர்றீங்க?"

கைக்குழந்தையோ, ராத்திரி மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களோ இருந்தால் ஓட்டலையே சொல்கிறேன், அந்த இரண்டாயிரம் ரூபாய் பில்லுக்குப் பிறகும். நடுராத்திரி ஒரு மணிக்குப் போன் எடுத்தால் மறுமுனையில் ஆள் இருப்பது அங்கே மட்டும்தான். கூச்சமில்லாமல் கேட்கலாம். அந்த வசதிக்குக் காசு கேட்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அலமாரிக்குள் ஒளித்து வைத்துக் கேட்பதுதான் தப்பு. அதனால் புக் செய்யும்போதே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கச் சொல்கிறேன். ரூமில் கெட்டில் உண்டா? வெந்நீருக்கும் ரூமுக்குக் கொண்டு வருவதற்கும் தனிக்காசு உண்டா? எக்ஸ்ட்ரா பெட்டுக்குக் காலைச் சாப்பாடு சேர்ந்ததா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சி.பி. என்றால் ரூமும் காலைச் சாப்பாடும், எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, ஈ.பி. என்றால் வெறும் ரூம். ரூம் சி.பி.யாக இருந்தாலும் மூன்றாவது ஆளுக்கு இட்லிக்குத் தனியாகப் போடுகிற இடங்கள் உண்டு. வாயால் சொன்ன பதில் ரிசப்ஷனில் ஆள் மாறினால் போய்விடும். எழுத்தில் இருந்தால் நிற்கும்.

இன்னொன்று, ரூமுக்குக் கொண்டு வருகிறவர் சீட்டு நீட்டினால் அதில் விலை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே அதுவரைக்குமான பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது யாராலும் ட்ரே சார்ஜை எண்ணிப் பார்க்க முடியாது. அக்காவுக்கு முதல் நாளே பில் தெரிந்திருந்தால் இரண்டாம் நாள் பிளாஸ்க் பாதியாகக் குறைந்திருக்கும்.

பிள்ளைகள் ஐந்து வயது தாண்டியிருந்து, பெரியவர்கள் திடமாக இருந்தால் ஹோம்ஸ்டேதான். சொந்தக் காராக இருந்தால் இன்னும் நல்லது, டிரைவர் கணக்கு வராது. மூன்று நாளில் ஒரு நாள்தான் தேக்கடி, மீதி சுருளி, மேகமலை என்று சுற்றுகிறவர்களுக்குக் கம்பம். நாலு பேர் நண்பர்களாக வருகிறவர்களுக்கும் கம்பம். அவர்கள் வெந்நீர் கேட்டு நான் பார்த்ததில்லை.

சித்திரையில் பையனுக்கு லீவு விட்டதும் அக்கா மறுபடி வருகிறாள். குழந்தை இப்போது டம்ளரில் குடிக்கிறது, புட்டி கழுவுகிற வேலை இல்லை. அம்மா வரவில்லை. மச்சான் சென்னையிலிருந்து தானே ஓட்டி வருகிறேன் என்கிறார். சேச்சி வீட்டிலேயே சொல்லியிருக்கிறேன். அரை லிட்டர்க் கெட்டில் ஒன்று கொண்டு வரலாமா என்று கேட்டதற்கு, "கொண்டு வரட்டே, ஆனா கீசர் போட்டிருக்கும்போது போட வேண்டாம், பியூஸ் போகும்" என்று பதில் வந்தது. ஏலக்காய் பற்றி நான் எதுவும் பேசவில்லை.